ஆச்சியின் வசவும் யாக்கோபின் நிருபமும்

என் ஆச்சி வாயைத் திறந்தால் "பேதியில போவான்"தான். பால்காரர் பிந்தி வந்தாலும் அதுதான், பூனை கருவாட்டுச் சட்டியை உருட்டினாலும் அதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் தேரிக்காட்டில் விளையாடிவிட்டு, கால் முழுக்கச் செம்மண்ணோடு நான் வந்து நின்றால், "பேதியில போவான், எங்கல போயித் தொலஞ்ச? வா, வந்து சாப்பிடு" என்பாள். பேதி என்றால் வாந்திபேதி. ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன காலரா. தூக்கி வளர்த்த பேரனைப் பார்த்து, நீ காலராவில் போவாய் என்கிறாள்! சொல்கிறவளுக்கும் அந்த அர்த்தம் நினைவில் இல்லை, கேட்கிறவனுக்கும் இல்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதே வாய் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரையும் விடாமல் சொல்லி நீடித்த ஆயுசைக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனமாக, வேதாகமத்திலுள்ள யாக்கோபின் நிருபத்திலிருந்து, அதாவது அவர் எழுதிய கடிதத்திலிருந்து, 3:10-ஐக் கொடுத்தார்கள். "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது. என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது." வீட்டுக்கு வந்ததும் ஆச்சி முன்னால் நின்று சத்தமாக ஒப்பித்தேன். யாருக்காக ஒப்பிக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையை இடித்துக்கொண்டே, "அது சபிக்கிறவாளுக்குல்லா சொல்லியிருக்கு. நான் வையத்தான செய்யுதேன்" என்றாள்.

வைவது வேறு, சபிப்பது வேறாம். கிழவி தப்பிக்க வழி தேடுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பின்னாளில் வேதாகமத்தில் நாவைப் பற்றி வருகிற இடங்களைத் தேடித் தேடி வாசித்தபோது, அவள் கோடு போட்ட இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று தோன்றியது. பேச்சைக் கிறிஸ்தவம் ஏன் இவ்வளவு பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறது என்று முதன்முதலாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கருநாக்கு

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குக் கருநாக்கு என்று பேர். "இந்த வருசம் முருங்க நல்லா காச்சிருக்கே" என்று அவர் சொன்ன வாரமே கொப்பு ஒடிந்து விழுந்துவிட்டதாம். (முருங்கைக் கொப்பு ஒடிய யார் நாக்கும் வேண்டாம், சும்மா ஒரு காற்றுப் போதும். இதை யாரும் யோசிப்பதில்லை.) அவர் வருவதைப் பார்த்தால் கன்றுக்குட்டியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீடுகளிலும் இது நடக்கும்.

இந்த நம்பிக்கையின்படி சக்தி நாக்கில் இருக்கிறது. சொல் வாயை விட்டு வந்ததும் தானாகவே வேலை செய்யும். சொன்னவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அங்கே இடமே இல்லை. கிறிஸ்தவப் போதனையும், "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" (நீதிமொழிகள் 18:21) என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அதே நீதிமொழிகள் புத்தகத்தில் இன்னொரு வசனமும் உண்டு: "அடைக்கலான் குருவி அலைந்துபோவதுபோலும், தகைவிலான் குருவி பறந்துபோவதுபோலும், காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" (26:2). சாபம் வந்து உட்கார இடம் கிடைக்காமல் குருவி மாதிரி சுற்றிவிட்டுப் போய்விடுமாம். கருநாக்குக்காரர் கதை அதோடு முடிந்தது.

பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் என்ற புத்தகத்தில் பிலேயாம் என்றொருவர் வருகிறார். இஸ்ரவேலரைச் சபிக்கும்படி மோவாபின் ராஜா பாலாக் அவரை அழைத்து வருகிறான். பிலேயாம் மலைமேல் ஏறி வாயைத் திறந்தால் வருவதெல்லாம் ஆசீர்வாதம். இடத்தை மாற்றி மாற்றிப் பலிபீடம் கட்டிப் பார்த்தும் நடக்கவில்லை. நாக்குக்கென்று தனிச் சக்தி எதுவும் இல்லை என்பதை இதைவிடக் கேலியாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதனால் ஆபத்து? வேதாகமத்தைப் பொறுத்தவரை சொல் மந்திரம் அல்ல, அது ஒரு செயல். கையை ஓங்கி அடிப்பது எப்படிச் செயலோ, விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவது எப்படிச் செயலோ, அப்படி. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் செய்வது. இரண்டு பேரையும் படைத்தவர் பார்த்துக்கொண்டிருக்கையில் செய்வது. செய்த காரியத்துக்குக் கணக்கு கேட்பார்கள் அல்லவா? பேச்சுக்கும் கேட்கப்படும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

வார்த்தையா, வாக்கா?

வேதாகமத்தின் முதல் பக்கத்தில் கடவுள் மண்வெட்டியும் உளியும் எடுக்கவில்லை. "தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று." சொல்வதும் செய்வதும் அங்கே ஒன்று. பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெயுவில் 'தாபார்' என்ற சொல்லுக்குப் பேச்சு என்றும் பொருள், காரியம், நடந்த சங்கதி என்றும் பொருள். நம் பேச்சிலும் இதன் சாயல் உண்டு. "அவரு ஒரு வார்த்த சொன்னா போதும், காரியம் முடிஞ்சிரும்" என்கிறோமே, அதுதான்.

யோவான் சுவிசேஷம் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது". எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வார்த்தை வாயோடு நின்றுவிடலாம். வாக்கு என்றால் தமிழில் கொடுத்தது, தவறக்கூடாதது. வாக்கு கொடுத்தவன், வாக்கு மாறாதவன் என்றெல்லாம் சொல்கிறோம். எங்கள் பக்கம் புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வசன அட்டைக்கு 'வாக்குத்தத்தம்' என்றே பேர். கிறிஸ்தவர்களின் கடவுள் பேசுகிறவர், பேசியதைச் செய்கிறவர். அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதனும் பேசுகிறவன். சொன்னதைச் செய்யாமலும் போகிறவன். தொல்லை அங்கே தொடங்குகிறது.

பத்துக் கட்டளைகளில் ஒன்று நேரடியாக நாவுக்கே போடப்பட்டது. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு இது ஒன்பதாம் கட்டளை, கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு எட்டாம் கட்டளை. எண்ணும் முறை வேறு, அவ்வளவே. இதைப் 'பொய் சொல்லாதே' என்று சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கட்டளையின் கூர் மழுங்கிவிடுகிறது. இங்கே பேசப்படுவது நியாயஸ்தலம். கைரேகையும் காமிராவும் இல்லாத காலத்தில் ஒருவன் உயிர் இரண்டு பேர் சாட்சியில் தொங்கியது. 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் கதையைப் பாருங்கள். அவனுடைய திராட்சத்தோட்டத்தின் மேல் ஆகாப் ராஜாவுக்குக் கண். பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராணி யேசபேல் இரண்டு பேரைப் பிடித்து, இவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று ஊரார் முன்னால் சொல்ல வைக்கிறாள். நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். ராஜா தோட்டத்துக்குள் இறங்குகிறான். அந்த இரண்டு பேர் முதலில் எறிந்தது சொல்லைத்தான்.

வரப்பு வழக்கும் பத்திரச் சண்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது.

யாக்கோபு யாரைப் பார்த்துப் பேசுகிறார்?

நாவைப் பற்றி வேதாகமத்தில் அதிகம் எடுத்துச் சொல்லப்படுகிற இடம் யாக்கோபின் நிருபம் மூன்றாம் அதிகாரம். குதிரையின் வாயில் போடும் சிறு கடிவாளம், காற்றில் அடிபடும் பெரிய கப்பலைத் திருப்பும் சிறு சுக்கான், அப்புறம் நெருப்பு: "சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது!" கோடையில் பனங்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு இது உவமையாகவே தோன்றாது. காய்ந்த ஓலையும் சருகும் கிடக்கும் இடத்தில் ஒரு பீடித் துண்டு போதும். போட்டவன் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பான், இங்கே ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். புரளி கிளப்புகிறவனும் அப்படித்தான், தீ எரிகிற இடத்தில் இருக்கவே மாட்டான்.

ஆனால் இந்த அதிகாரத்தைப் பிரசங்கத்தில் எடுப்பவர்கள் பலரும் ஒரு காரியம் செய்வார்கள். கடிவாளத்திலிருந்தோ நெருப்பிலிருந்தோ தொடங்குவார்கள். முதல் வசனத்தை விட்டுவிடுவார்கள். முதல் வசனம் இது: "என் சகோதரரே, அதிக ஆக்கினையை அடைவோம் என்று அறிந்து, உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக." யாக்கோபு முதலில் கைகாட்டுவது குழாயடியில் பேசும் பெண்களை அல்ல, பீடத்தில் நின்று பேசுகிறவர்களை. தன்னையும் சேர்த்துக்கொண்டு 'அடைவோம்' என்கிறார். நூறு பேர் வாய்மூடிக் கேட்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் பேச உரிமை கொடுத்தால், அவர் நாக்குக்கு நூறு மடங்கு கணக்கு இருக்கும். நான் கேட்ட பிரசங்கங்களில் இதைச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

இதற்கு எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ராபர்ட் கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு மிஷனரியாக வந்தவர். 1891-ல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் இந்தச் சீமையோடு கட்டிக்கிடந்தார். 1856-ல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாமல் தமிழின் பழமையைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. அதே கால்டுவெல் 1849-ல், தான் ஊழியம் செய்த மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அந்த மக்களின் அறிவையும் வழக்கங்களையும் தாழ்த்திச் சொன்ன வரிகள் அதில் இருந்தன. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் ஒருநாள் அதை வாசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வாசித்தார்கள். அந்தக் காயம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை 1857-ல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து, வெள்ளைக்காரர் கை படாத தனிச் சபையைத் தொடங்கினார். அந்தப் பிரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தப் புத்தகத்தின் மேல் இருந்த கோபமும் அதில் கலந்திருந்தது. எழுத்து எப்படிப் பேச்சாகும் என்று கேட்டால், யாக்கோபு எழுதியதும் கடிதம்தானே.

கால்டுவெல்லைக் குறைசொல்லிக் கைதட்டு வாங்க இதைச் சொல்லவில்லை. ஐம்பது வருஷ உழைப்பும் அந்தச் சில வரிகளும் ஒரே கையிலிருந்து வந்தவை. யாக்கோபு கேட்பதும் அதைத்தான்: "ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து தித்திப்பும் கசப்புமான தண்ணீர் சுரக்குமா?" உடன்குடி, திசையன்விளைப் பக்கம் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கும்போதே அந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று விசாரிப்பார்கள். கிணற்றில் உப்பு ஏறிவிட்டால் வாளியை மாற்றிப் பலனில்லை, கயிற்றை மாற்றியும் பலனில்லை. கோளாறு அடியில் இருக்கிறது.

இயேசு சொல்வதும் அந்த அடியைப் பற்றி. "இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" (மத்தேயு 12:34). நாக்கைக் கட்டுப்படுத்தும் பயிற்சி எதையும் அவர் கொடுப்பதில்லை. உள்ளே எது நிறைந்திருக்கிறதோ அதுதான் தளும்பும் என்கிறார். அதற்கு இரண்டே வசனம் தள்ளி, மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும் குறித்து நியாயத்தீர்ப்பு நாளிலே கணக்கொப்புவிக்கவேண்டும் என்றும் சொல்கிறார். இதைக் கேட்டுப் பயந்து, சிரிக்கக்கூட யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து கதை பேசினால் குற்றமா? கிரேக்க மூலத்தில் 'வீணான' என்ற இடத்தில் இருக்கும் சொல் 'ஆர்கொஸ்'. வேலை செய்யாத என்று பொருள். அதே மத்தேயுவின் 20-ஆம் அதிகாரத்தில் கடைத்தெருவிலே சும்மா நிற்கிற கூலியாட்களுக்கும் இதே சொல்தான். ஆகவே வீணான வார்த்தை என்றால் வேலைக்குப் போகாத வார்த்தை, சொன்னவன் அதற்குப் பொறுப்பேற்காமல் தெருவில் விட்டுவிட்ட வார்த்தை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சிரிக்க வைக்கும் பேச்சு வேலை செய்கிற பேச்சுதான்.

திருக்குறளில் 'பயனில சொல்லாமை' என்று ஒரு முழு அதிகாரமே இருப்பது தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஞாபகம் வரும். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் 1886-ல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த அதிகாரத்தை மொழிபெயர்க்கையில் மத்தேயு அவர் மனதில் வராமல் இருந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

சரி, வசவு? மலைப்பிரசங்கத்தில் இயேசு கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை எடுத்துக்கொண்டு, சகோதரனை 'வீணன்' என்கிறவனையும் 'மூடனே' என்கிறவனையும் அதே வரிசையில் நிறுத்துகிறார் (மத்தேயு 5:22). வார்த்தைப் பட்டியல் போட்டு இது கூடும், இது கூடாது என்று பிரிக்க அவர் வரவில்லை என்றே நினைக்கிறேன். அவரே வேதபாரகரை, அதாவது யூத வேத அறிஞர்களைப் பார்த்து 'மதிகேடரே' என்று சொன்ன இடமும் உண்டு. ஒரு ஆளைப் பார்த்து நீ ஒன்றுமில்லாதவன் என்று தீர்ப்புச் சொல்வதுதான் அங்கே கொலையின் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கென்றே சொற்கள் இருக்கின்றன. சாதிப் பேரைச் சொல்லி இழுத்து வைவது. நற்கருணை வாங்கிய நாக்கில் அந்தச் சொல் வந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆச்சியின் 'பேதியில போவான்' அதற்குப் பக்கத்தில் வைத்தால் தாலாட்டு.

ஜெபக்குறிப்பு

கோள் சொல்வதைப் பற்றி நீதிமொழிகளில் ஒரு வசனம் உண்டு: "கோள்காரனுடைய வார்த்தைகள் விளையாட்டுப்போலிருக்கும், ஆனாலும் அவைகள் உள்ளத்திற்குள் தைக்கும்" (26:22). எங்கள் பக்கம் இதற்குப் புறணி என்று பேர். கிறிஸ்தவப் புறணிக்கு மட்டும் ஒரு தனி உடுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஒரு குரல் தாழும்: "அந்த அக்காவுக்காக விசேஷமா ஜெபிக்கணும் பாத்துக்கிடுங்க." "ஏன், என்ன?" "வெளியே சொல்லாதீங்க… மருமவ கோவிச்சிட்டுப் போயிட்டாளாம்." காப்பி ஆறுவதற்குள் விஷயம் நாலு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிப் பிரிவார்கள். இப்போது சபை வாட்ஸ்அப் குழுவிலேயே ஜெபக்குறிப்பு என்ற தலைப்போடு குரல்பதிவு வருகிறது. அந்த அக்காவும் அதே குழுவில் இருக்கிறாள்.

இதற்கு இயேசு சொன்ன வழி ரொம்பச் சாதாரணமானது. உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்கிறார் (மத்தேயு 18:15). ஒரு ஆளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஆளிடம் பேசு. அவ்வளவுதான். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தனியாகப் போனால் கேட்க ஆள் இருக்காது, கதையில் ருசி இருக்காது.

உப்பு

இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். பல வீடுகளில் இந்த வசனங்கள் அதற்குத்தான் பயன்படுகின்றன. மருமகள் நியாயம் கேட்டால், "நாவை அடக்குன்னு வேதம் சொல்லுது." பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டாலும் அதே பதில். அடக்கச் சொன்ன அதே நீதிமொழிகளில் கடைசி அதிகாரம், "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" (31:8) என்கிறது. இதை அட்டையில் அச்சடித்து யாரும் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு. தமிழில் உச்சபட்சக் கோபத்துக்குப் பேர் "பேச்சு வார்த்தை இல்லை". அண்ணனும் தம்பியும் பத்து வருஷம் பேசாமல் ஒரே கோயிலில் எதிரெதிர் பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த மௌனமும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதுதான்.

பேச்சு எப்படி இருக்கவேண்டும் என்று அப்போஸ்தலன் பவுல் கொலோசெ ஊர்ச் சபையாருக்கு எழுதும்போது, "கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும்" என்கிறார் (4:6). உப்பு என்றுதான் சொல்கிறார், கருப்பட்டி என்று சொல்லவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உப்பு காலைக் கடிக்கும் என்று தெரியும். புண்ணில் பட்டால் எரியும். மீன் கெடாமல் இருப்பதும் அதனால்தான்.

அப்படி உப்பேறிய ஒரு பேச்சை இந்தச் சீமைக்காரர் ஒருவர் பேசியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே.ச. அசரியா. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடிய இடத்தில் ஆசியாவிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனரிகளுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றி நேருக்கு நேர் பேசினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம் என்றார். கடைசியாக, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!" சபையில் சிலருக்கு முகம் சுருங்கியது. அவர் வைது பேசவில்லை, யாரையும் தாழ்த்தவும் இல்லை. அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய அதிகாரத்தை (1 கொரிந்தியர் 13) எடுத்து, அதைப் போதித்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து 1912-ல் அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ பேச்சுகளில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுவது அந்தக் கடைசி வரி.

சொன்னால் நடக்குமா?

இந்தப் பாடத்தில் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் சந்திக்கும் ஒரு போதனை உண்டு. வாயால் எதை அறிக்கை செய்கிறாயோ அது நடக்கும். வியாதி என்று சொன்னால் வியாதி வரும், சுகம் என்று சொன்னால் சுகம் வரும் என்பது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இ.டபிள்யூ. கென்யன், கென்னத் ஹேகின் போன்றவர்கள் வழியாகப் பரவியது, இன்று நம் ஊர்க் கூட்டங்களிலும் சகஜம். மலையைப் பார்த்துப் பெயர்ந்துபோ என்று சொன்னால் ஆகும் என்ற மாற்கு 11:23-ஐ அடிக்கடி எடுப்பார்கள். அதற்கு முந்தின வசனம் "தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்" என்பது. நம்பச் சொன்னது தேவனை, நம் வாயை அல்ல.

எனக்கு இதில் கருநாக்கு வாசனைதான் அடிக்கிறது. சக்தி மறுபடியும் நாக்குக்கே போய்விட்டது, வேட்டிக்குப் பதில் கோட்டு போட்டுக்கொண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய். பார்க்க வந்தவர்கள் அந்தப் பேரையே வாயில் எடுக்கவிடவில்லை. வலிக்குது என்று சொன்னால், அப்படி அறிக்கை செய்யாதீங்க, விசுவாசமா பேசுங்க என்று தடுத்தார்கள். கடைசி மாதங்களில் அவருக்கு வலியோடு சேர்த்து, வலிக்கிறது என்று சொன்னதால்தான் சாகிறோமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வேதாகமத்தில் யோபு ஏறக்குறைய இருபது அதிகாரங்கள் புலம்புகிறான், பிறந்த நாளையே சபிக்கிறான். சிநேகிதர்கள் பக்தியாக, அழகாகப் பதில் சொல்கிறார்கள். முடிவில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். சிலுவையில் இயேசு சொன்னதும், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற சங்கீதத்தின் வரி. வலியை வலி என்று சொல்வது அவிசுவாசமானால், சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழிக்கவேண்டும்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இயேசுவின் சீஷன் பேதுருவின் கதைதான் இதற்கு நான் போகும் இடம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவன் குளிர்காய்கிறான். நீயும் அவனோடு இருந்தவன்தானே என்கிறார்கள். இல்லை என்கிறான். விடவில்லை, "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்கிறார்கள். கலிலேயாக்காரன் பேச்சு தனியாகத் தெரிந்துவிட்டது. சென்னைக்குப் போய் எவ்வளவு திருத்திப் பேசினாலும், அவசரத்தில் ஒரு 'ஏலே' வந்து நம்மைக் காட்டிக்கொடுக்கும் இல்லையா, அப்படி. பேதுரு அப்போது சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான் என்கிறது மத்தேயு. மூன்று தடவை மறுதலித்தாயிற்று. சேவல் கூவிற்று.

யோவான் இந்த ராத்திரியைச் சொல்லும்போது அங்கே கரிநெருப்பு இருந்தது என்று எழுதுகிறார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டு வைத்துச் சீஷர்களைக் கூப்பிடும் காலையிலும், கரையில் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டே இடத்தில். அந்த வாசனையில் பேதுருவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? சாப்பிட்டு முடித்ததும் இயேசு கேட்கிறார், நீ என்னில் அன்பாயிருக்கிறாயா என்று. ஒரு தடவை கேட்டிருக்கலாம். மூன்று தடவை கேட்கிறார். மூன்றாம் தரம் கேட்டதற்குப் பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது. எத்தனை தடவை வாயால் உடைத்தானோ அத்தனை தடவை வாயாலேயே சொல்ல வைக்கிறார். பழைய பேச்சை எடுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தாத்தா இறந்த மறு வருஷம், எல்லையில் நின்ற இரண்டு பனைகளையும் சேர்த்து உள்ளே தள்ளி, சொந்தக்காரர் ஒருவர் முள்வேலி போட்டுவிட்டார். ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு வேகாத வெயிலில் அங்கே போனாள். வேலியைப் பார்த்தாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். மண்ணை வாரித் தூற்றுவது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் வேறு வார்த்தை கிடையாது. அந்தக் குடும்பத்தில் பிறகு எது நடந்தாலும் ஊர் அந்த மண்ணைத்தான் சொல்லும். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சின்னப் பெண் பனங்கொட்டையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஆச்சியின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன, செம்மண் இடுக்கு வழியாகக் காலடியில் ஒழுகிற்று.

"பேதியில போவான்" என்று அவன் பேரைச் சொல்லி வைதாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வால, வெயிலாவுது" என்றாள்.